மூட்டில் நீர் கோப்பது ஏன்? – முடக்குவாதம் குறித்து ஒரு விளக்கம்

‘மூட்டு’ என்பது தமிழில் பெயராகவும் வினையாகவும் நின்று பொருள் தரும் சொல். கைலியின் இரு தலைப்பையும் சேர்த்துத் தைப்பதை இன்றும் ‘மூட்டுதல்’ என்றே சொல்கிறோம். அவ்வாறே இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் இடம் மூட்டு எனப்பட்டது. கதவு நிலையோடு பொருந்துமிடத்தைக் ‘கீல்’ என்கிறோம். உடலின் கீல்களில் தோன்றும் நோய் கீல்வாயு ஆயிற்று. பெயரிட்டவர்கள் உடலை உற்றுநோக்கியே பெயரிட்டிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ‘வாதம்’ என்னும் சொல் இக்காலத்தில் நமக்குச் சற்று இடர்ப்பாடு தருகிறது. பக்கவாதம் மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது. இளம்பிள்ளைவாதம் ஒருவகை நுண்ணுயிரால் வருவது. முடக்குவாதமோ இவ்விரண்டோடும் தொடர்பில்லாத, மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய். மூன்றும் ‘வாதம்’ என்று ஒரே பெயரால் வழங்குவதால், ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குத் தேடி அலைவோர் நம்மிடையே உளர். யூகி முனிவர் வகுத்த சித்த மருத்துவ நெறி வாத நோய்களை எண்பதாகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றுள் உத்திரவாத சுரோணிதம் என்பதே இன்று நாம் முடக்குவாதம் என்று கூறும் நோயோடு ஒத்தது என்பர் சித்த மருத்துவர். யூனானி நூல்கள் மூட்டு நோவுகளை ‘வஜ்உல் மஃபாஸில்’ என்னும் பொதுப்பெயரால் குறிக்கின்றன. பெயர் வேறுபாட்டை விளங்கிக்கொள்வது நோயை அறிவதன் முதற்படி என்பதால் இவ்வளவு சொல்ல நேர்ந்தது.

வைகை அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியாகிய கூடலூர் வரை, இது கைகளை நம்பி வாழும் பூமி. ஆண்டிபட்டிச் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியில் நாடா ஓடுவது விரல்களின் நயத்தால். கம்பம், சுருளிப்பட்டிப் பகுதிகளில் பந்தலுக்கடியில் நின்று திராட்சைக் கொத்து அறுப்பதும், போடிமெட்டும் கம்பம்மெட்டும் கடந்து ஜீப்பில் சென்று ஏலக்காய் பறித்து வருவதும், இருபோக வயலில் நாற்று நடுவதும் பெரும்பாலும் பெண்களின் கைகளே. முடக்குவாதம் ஆண்களினும் பெண்களை ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. அதுவும் உழைக்கும் பருவத்தில், முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், விரல்களிலும் மணிக்கட்டிலும் முதலில் கால்வைக்கிறது. இந்தியாவில் நடந்த கள ஆய்வுகள், பெரியோர் ஆயிரவரில் ஐவர் முதல் எண்மர் வரை இந்நோய் உடையவர் எனக் காட்டுகின்றன. ஓர் ஊரில் இரண்டாயிரம் பெரியோர் இருப்பின், பத்துப் பதினைந்து பேர் இந்நோயோடு வாழ்கின்றனர் என்பது இதன் பொருள்.

‘மூட்டில் நீர் கோத்துக்கொண்டது’ என்று நம் மக்கள் கூறுவது முற்றிலும் சரியான கூற்று. அந்த நீர் எங்கிருந்து வந்தது, ஏன் வடியவில்லை என்பவையே நாம் விடைகாண வேண்டிய வினாக்கள். இவற்றை விளக்க நமக்கு வெளியூர் உவமை வேண்டுவதில்லை.

1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. வருசநாட்டு மலைகளிலிருந்து வரும் மூலவைகை, கொட்டகுடி ஆறு, சுருளியாறு, 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்பட்ட பெரியாற்று நீர் ஆகியன அதில் வந்து சேர்கின்றன. அணையின் நீர்மட்டம் என்பது வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வேறுபாடே. வரத்து கூடி வெளியேற்றம் கூடாவிடில் மட்டம் ஏறும். நம் மூட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான் நடைபெறுகிறது.

எலும்புகளின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. அவ்வுறையின் உட்புறத்தில் மிக மெல்லிய சவ்வொன்று படிந்துள்ளது. இதனை மூட்டுச்சவ்வு எனலாம். நலமுள்ளவரிடத்தில் இதன் மேற்பரப்பு ஓரிரு அணுக்கள் கனமே உடையது. இச்சவ்விலுள்ள நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரோடு, சவ்வின் அணுக்கள் சுரக்கும் வழுவழுப்பான பொருளும் கலந்து மூட்டுநீர் உண்டாகிறது. முட்டையின் வெண்கருவைப் போன்ற இந்நீர், எலும்புகள் உராயாதபடி காப்பதோடு, இரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்கு உணவும் ஊட்டுகிறது. உடலின் மிகப்பெரிய மூட்டாகிய முழங்காலிலேகூட இது ஒரு தேக்கரண்டியை எட்டாது. கசிந்து வருவது வந்துகொண்டே இருக்கும். பழையது நிணநீர்க் குழாய்கள் வழியே வடிந்துகொண்டே இருக்கும்.

முடக்குவாதத்தில் இந்தச் சமன்பாடு குலைகிறது. குலைப்பது வெளியிலிருந்து வந்த பகை அன்று. நம்மைக் காக்கும் பொறுப்பிலுள்ள நோயெதிர்ப்பு அணுக்களே. இத்தகைய நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர்.

அது தொடங்கும் விதம் வியப்புக்குரியது. நம் உடற்புரதங்களில் அர்ஜினின் என்னும் கூறு சில வேளைகளில் சிட்ருலின் என்னும் வேறொரு கூறாக மாறுகிறது. புகைபிடிப்போரின் நுரையீரலிலும், நாள்பட்ட ஈறுநோய் உடையவர் வாயிலும் இம்மாற்றம் மிகுதி. பரம்பரையாக ஒருசில மரபணு அமைப்பு உடையவரிடத்தில், நோயெதிர்ப்பு அணுக்கள் இவ்வாறு உருமாறிய புரதத்தை அந்நியமெனக் கருதி அதற்கெதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகின்றன. மூட்டு நோவு தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்வெதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் திரிவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆக, நோய் மூட்டில் பிறப்பதில்லை. வேறெங்கோ பிறந்து மூட்டில் குடியேறுகிறது. பீடிப் பழக்கத்துக்கும் விரல் வீக்கத்துக்கும் தொடர்பு உண்டென்றால் நம்மவர் நகைப்பர், உண்மை அதுதான்.

குடியேறிய பின் நிகழ்வது என்ன? மூட்டுச்சவ்விலுள்ள காவலணுக்கள் சில செய்திப் பொருள்களை வெளியிடுகின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்பன அவற்றுள் தலையானவை. இச்செய்தி கிடைத்ததும் சவ்வின் நுண்குழாய்கள் விரிகின்றன. விரிவதால் மூட்டு வெதுவெதுப்பாகிறது. குழாய்ச் சுவரிலுள்ள அணுக்களுக்கிடையே இடைவெளி உண்டாகி, இரத்தத்தின் நீர்ப்பகுதியும் புரதமும் மூட்டுக்குள் கசிகின்றன. புரதம் தன்னோடு மேலும் நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே புகுகின்றன. அவை வெளியிடும் நொதிகள் மூட்டுநீரின் வழுவழுப்பைச் சிதைக்க, வெண்கருபோல் இருந்த நீர் தண்ணீர்போல் ஆகிவிடுகிறது. நிணநீர்க் குழாய்களோ இவ்வளவு வரத்தை வடிக்கும் திறனற்றவை. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருந்த முழங்காலில் ஐம்பது மில்லிலிட்டரும் அதற்கு மேலும் சேர்கிறது. பெருமழையன்று மதகு திறவாத அணையின் நிலை இது.

வீக்கம் முழுவதும் நீரன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூட்டுச்சவ்வு தானே தடிக்கிறது. ஓரிரு அணுக் கனமாக இருந்தது பத்து அணுக் கனத்துக்கும் மேலாகிறது. அதற்கு உணவூட்டப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நாளடைவில் அது சதைபோல் வளர்ந்து குருத்தெலும்பின்மீது போர்வையாகப் படர்கிறது. மருத்துவர் இதனைப் ‘பானஸ்’ என்பர். துணி என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. இப்போர்வையிலிருந்து சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கின்றன. எலும்பரிக்கும் அணுக்கள் தூண்டப்பட்டு எலும்பைக் குடைகின்றன. குடைவது முதலில் எங்கே? குருத்தெலும்பு முடிந்து சவ்வு தொடங்கும் விளிம்பில். அங்கே எலும்புக்குக் காப்பு இல்லை. கற்பதிப்பு முடிந்து வெறும் மண் தொடங்குமிடத்திலேயே வெள்ளம் கரையை அரிப்பதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். நீரை ஊசியால் எடுத்தால் அன்றைய வீக்கம் தணியும். ஆனால் சவ்வின் அழற்சி அடங்காதவரை நீர் மீண்டும் ஊறும். ‘எடுக்க எடுக்க ஊறுகிறதே’ என்று நோயாளி மருத்துவரை நோவதில் பயனில்லை.

முழங்காலில் இன்னொரு வியப்பும் உண்டு. அங்குச் சேரும் நீர் காலை மடக்கும்போதும் நீட்டும்போதும் பின்புறத்திலுள்ள ஒரு பைக்குள் தள்ளப்படுகிறது. ஒருவழிக் கதவுபோன்ற அமைப்பினால் அது முன்புறம் திரும்புவதில்லை. 1877இல் இதனை விரித்துரைத்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பேக்கரின் பெயராலேயே அவ்வீக்கம் வழங்குகிறது. சிலருக்கு அப்பை உடைந்து நீர் கெண்டைச்சதைக்குள் இறங்கிக் கால் முழுதும் வீங்கும். இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டாலும் கால் இதுபோலவே வீங்குமாதலால், அவ்வேளையில் எண்ணெய் தேய்த்து உருவுவது ஆபத்து.

இனி, இந்நோயைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிவது எவ்வாறு? முதுமையில் குருத்தெலும்பு தேய்வதால் வரும் மூட்டுத் தேய்வில், முழங்காலும் விரல்நுனியை அடுத்த கணுவும் புடைக்கும். தொட்டால் எலும்புபோல் கெட்டியாக இருக்கும். நடக்க நடக்க வலி மிகும். முடக்குவாதத்தில் விரல்நுனிக் கணு பெரும்பாலும் தப்பிவிடும். கைமுட்டியை மடக்கினால் தெரியும் நான்கு மேடுகளும், விரலின் நடுக்கணுவும், மணிக்கட்டுமே வீங்கும். தொட்டால் பிசைந்த மாவுபோல் மெத்தென்றிருக்கும். முட்டியின் மேடுகளுக்கிடையே உள்ள பள்ளத்தாக்குகள் மறைந்துபோகும். இரு கைகளிலும் ஒத்தாற்போல் வரும். முஸாபஹா செய்ய ஒருவர் கையை அன்போடு பற்றி அழுத்தினால் உயிர் போகும் வலி எடுக்கும். மருத்துவரும் அவ்வாறே பக்கவாட்டில் அழுத்திப் பார்த்து நோயை ஊகிக்கிறார். காலையில் எழுந்தவுடன் விரல்கள் விறைத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகித்தான் இளகும். இரவில் அசைவின்மையால் நீர் தேங்குவதும், விடியற்காலத்தில் இன்டர்லூக்கின்-6 உச்சம் தொடுவதும் இதற்குக் காரணம். சுபுஹு வேளையில் ஒளுச் செய்யக் குழாயைத் திருக இயலாதவர், லுஹர் வேளையில் இயல்பாக நடமாடக் காண்பதால், வீட்டார் ‘சோம்பல்’ என்று கருதிவிடுகின்றனர். இதைவிடக் கொடுமையான தீர்ப்பு வேறில்லை.

2006ஆம் ஆண்டு தமிழகத்தைக் கலக்கிய சிக்குன்குனியாவை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் ‘வளைந்துபோவது’ என்னும் பொருளுடைய அப்பெயருக்கேற்ப, காய்ச்சல் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் மூட்டுகள் வீங்கியே இருந்தன. அந்த வீக்கம் முடக்குவாதத்தை அப்படியே ஒத்திருக்கும். அதுமுதல் எந்த மூட்டு வீக்கத்தையும் ‘அந்தக் காய்ச்சலின் மிச்சம்’ என்று தள்ளிவைக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வீக்கத்தை அவ்வாறு தள்ளிவைக்கலாகாது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் வீக்கத்தைப் ‘பச்சை உடம்போடு தண்ணீரில் கைவைத்ததால்’ என்பர். கருவுற்ற காலத்தில் முடக்குவாதம் பலருக்குத் தணிவதும், மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் மீள்வதும் மருத்துவம் நன்கறிந்த உண்மை. தண்ணீர்மீது பழியில்லை.

பாரிசில் 1800ஆம் ஆண்டு லாந்த்ரே-பொவே என்னும் இளைஞர் தம் பட்ட ஆய்வில் ஒன்பது பெண்களின் நோயை விரித்தெழுதியதே இந்நோய் பற்றிய முதல் தெளிவான மருத்துவக் குறிப்பாகக் கொள்ளப்படுகிறது. இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1859இல் இட்டவர் இலண்டன் மருத்துவர் காரட். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, ஓய்வும் ஆஸ்பிரினும் தங்க உப்பு ஊசியும் தவிரச் சொல்லத்தக்க மருத்துவம் இல்லை.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஹென்ச் என்பார், மஞ்சட்காமாலை கண்டவருக்கும் கருவுற்றவருக்கும் மூட்டுவலி தணிவதைக் கவனித்தார். உடலில் ஏதோ ஒரு பொருள் அக்காலத்தில் மிகுகிறது என ஊகித்து, இருபதாண்டுக் காலம் அதனைத் தேடினார். 1948 செப்டம்பரில், படுக்கையிலேயே கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மிகுந்த அளவில் நெடுங்காலம் கொடுத்தபோது முகம் உப்புவதும், எலும்பு நொறுங்குவதும், சர்க்கரை ஏறுவதும் கண்டு ஹென்ச்சே கவலையுற்றார். இன்றும் மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் ‘வலி மாத்திரை’ப் பொட்டலத்தில் இவ்வகை மருந்து இருப்பது உண்டு. இரண்டு நாளில் வீக்கம் வடிவதால், கொடுத்தவரைக் கைராசிக்காரர் என்று புகழ்கிறோம். உள்ளே எலும்பு அரிபடுவது புகழ்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோயின் போக்கையே மாற்றிய மருந்துக்கும் சென்னைக்கும் உறவுண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைக்கூடத்துக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உயர்பட்டம் மறுக்கப்பட்டு எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1923இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைப் பிரித்தறிந்தவர்களுள் ஒருவரானார். பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதற்கு எதிராகச் செயற்படும் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றுள் ஒன்றே மெதோட்ரெக்ஸேட். முதலில் இது புற்றுநோய் மருந்தாகவே அறியப்பட்டது. 1951இலேயே இதன் உடன்பிறப்பான மருந்து மூட்டழற்சியைத் தணிப்பதைக் குப்னர் என்பார் கண்டு எழுதினார். கார்ட்டிசோன் மயக்கத்தில் இருந்த உலகம் செவிமடுக்கவில்லை. முடக்குவாதத்துக்கென அமெரிக்க அரசு இதனை ஏற்றது 1988இல்தான். நாற்பதாண்டு வீணாயிற்று என்றே நாம் கருதுகிறோம். சுப்பாராவோ 1948லேயே மறைந்துவிட்டார்.

சிறு அளவில் கொடுக்கப்படும் மெதோட்ரெக்ஸேட், அடினோசின் என்னும் பொருளை மிகுவித்து அழற்சியை அடக்குகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஏ.டி.பி.யின் முதலெழுத்து குறிப்பது அந்த அடினோசினையே. தம் இருவேறு ஆய்வுகளும் இவ்வாறு ஒரு புள்ளியில் கூடும் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1992இல் இலண்டனில் ஃபெல்ட்மன் என்பாரும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளை நோயாளிகளுக்குச் செலுத்தி வெற்றி கண்டனர். செய்திப் பொருள்களுள் ஒன்றை மறித்தாலே வெள்ளம் வடிகிறது என்பது அன்று நிறுவப்பட்டது. அம்மருந்துகள் விலை மிகுந்தவை. உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பவும் கூடும். ஆகவே நம் நாட்டில் முதலிடம் இன்றும் மெதோட்ரெக்ஸேட்டுக்கே.

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. கரையோர மக்கள் முதல் எச்சரிக்கையிலேயே மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுகின்றனர். மூட்டு நோயில் நாம் மூன்றாம் எச்சரிக்கைக்கும் அசைவதில்லை. வீக்கம் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் எலும்பு அரிபடாமல் பெரும்பாலும் காக்கலாம். கோணிய விரலை நிமிர்த்த எந்த மாத்திரையாலும் இயலாது. தொடக்கத்தில் எக்ஸ்ரே படம் பழுதின்றி இருக்கலாம். இரத்தத்தில் ருமட்டாய்டு காரணி காணப்படாத நோயாளிகளும் உளர். அது காணப்படும் நலமான முதியோரும் உளர். எனவே காகிதத்தைவிட, வீங்கிய கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரே முதன்மை. சென்னை, மதுரை போன்ற நகர்களில் இந்நோய்களுக்கென்றே பயின்ற வல்லுநர் உளர். நம் பகுதியினருக்குத் தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

மெதோட்ரெக்ஸேட் உண்போர் அறிய வேண்டியவை சில. இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் மருந்து. மற்ற மாத்திரைகளைப் போல் நாள்தோறும் விழுங்கி, இரத்த அணுக்கள் அற்று உயிரிழந்தோர் உண்டு. ஃபோலிக் அமில மாத்திரை இதன் துணை. அதனை எந்நாளில் உண்பது என்பதை மருத்துவர் சொல்வார். குறித்த கால இடைவெளியில் இரத்தமும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி இதனை நிறுத்த வேண்டும்; கருவுக்கு இது கேடு. நோன்புக் காலத்திலும் வாரமொருமுறை இரவில் உண்ணத் தடையிராது. வெறும் வயிற்றில் வலிமாத்திரை உண்பதுதான் தீங்கு. எழுத்தறியாத தாய்மார்க்கு, ‘ஜும்ஆ அன்று இரவு’ என்றோ, ‘சந்தை நாள்’ என்றோ ஒரே நாளைக் குறித்துக்கொடுத்து, மாத்திரை அட்டையைத் தனிப் பெட்டியில் வைத்து, வீட்டிலுள்ள மாணவரே அன்று எடுத்துக் கொடுத்தல் நன்று.